நாலாவது கல்லூரி

மகள் பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்த கோடையில், ஆறே நாளில் அவளை நாலு ஊருக்கு அழைத்துப் போனேன். நாலு ஊரிலும் கல்லூரி மைதானத்தில் பந்து வீசிக் காட்டினாள். பேஸ்பால் ஆடுகிறவளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம் வாங்குவதற்காக. முதல் மூன்று ஊர்களும் அவள் கேட்டவை. நாலாவது நான் கேட்டது.

நான் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் எலக்ட்ரீஷியன். வீடும் ஆலைக்குப் பக்கத்துத் தெருவில்தான். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. காரைக்குடியில் பெண்கள் பள்ளியில் எட்டாவது படிக்கும்போது, விளையாட்டு டீச்சர் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஒரு பழைய ரப்பர் பந்தைக் கொடுத்து, முடிந்த தூரம் எறியச் சொல்லியிருக்கிறார். இவள் எறிந்தது காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி ரோட்டில் போன ஆட்டோவின் கூரையில் விழுந்தது. ஆட்டோக்காரர் உள்ளே வந்து சத்தம் போட்டதையும், டீச்சர் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி இவளைப் பார்த்துச் சிரித்ததையும் அன்றைக்குச் சாயங்காலம் மூன்று தடவை சொன்னாள்.

“கிரிக்கெட்டா ஆத்தா?” என்று கேட்டேன்.

“இல்லப்பா, பேஸ்பால். நான்தான் பிட்சர். பந்து தரையில படாம நேராப் போகணும். அடிக்கிற பிள்ளைக்கு முழங்காலுக்கு மேல, நெஞ்சுக்குக் கீழ. பின்னாடி ஒருத்தி உக்காந்து பிடிப்பா.”

பின்னால் உட்கார்ந்து பிடிக்க வீட்டில் ஆள் இல்லை. அதனால் நான் உட்கார்ந்தேன். பள்ளியில் கிழிந்துபோய்க் கிடந்த ஒரு கையுறையை டீச்சர் கொடுத்தனுப்பினார். மூட்டை தைக்கிற கோணி ஊசியாலும் சணல் நூலாலும் அதைத் தைத்துப் போட்டுக்கொண்டேன். ஆலைக்குப் பின்னால் அவித்த நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டால் களம் காலி. நான் தவறவிடும் பந்து தூரம் ஓடாமல் இருக்க, பின்னால் உமி மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தேன். முதல் வருஷம் பாதிப் பந்து மூட்டைக்குத்தான் போனது. பிறகு பழகிவிட்டது. நாலரை வருஷம், மழை இல்லாத நாளெல்லாம், அவள் பந்து என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அன்றைக்குச் சரியாகச் சாப்பிட்டாளா, பள்ளியில் யாரோடாவது சண்டையா, காய்ச்சல் வரப் போகிறதா என்பதெல்லாம் பந்து வந்து விழுகிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இது தேவைப்படுகிறது.

பத்தாவதில் மாவட்ட அணி. பதினொன்றாவதில் மாநில அளவில் ஆடிவிட்டு வந்தாள். தமிழ்நாட்டில் பெண்கள் பேஸ்பால் ஆடுகிறார்கள் என்பதே எங்கள் ஆலையில் பலருக்குத் தெரியாது. லாரி டிரைவர்கள் களத்தின் ஓரத்தில் பீடியோடு நின்று, “மாப்ள, கையை எடுத்துக்க, உடைஞ்சிரும்” என்று என்னைக் கேலி செய்வார்கள். அவள் சிரிக்க மாட்டாள். பந்து வீசும்போது அவள் முகத்தில் எதுவும் இருக்காது. எனக்கு அது கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

பிளஸ் டூவில் பொங்கலுக்குப் பிறகு டீச்சர் எங்களைப் பள்ளிக்கு அழைத்தார். சென்னையில் ஒரு கல்லூரி. பல்கலைக்கழகப் போட்டிகளில் அவர்களுடைய பெண்கள் அணிதான் எப்போதும் முன்னால் நிற்கும். அங்கே சேர்ந்துவிட்டால் இந்திய அணித் தேர்வுவரை போகலாம், ஹாஸ்டலும் படிப்பும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

“ஆனா ஒண்ணுண்ணே, அங்க தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைக வரும். இவ நல்லாப் போடுவா, அதுல சந்தேகமில்ல. இருந்தாலும் அந்த ஒண்ண மட்டும் நம்பி இருக்காதீக. கொஞ்சம் சுமாரான டீம் ரெண்டு, கண்டிப்பாக் கிடைக்கிற மாதிரி ஒண்ணு, பாத்து வச்சுக்கங்க.”

டீச்சர் சொன்னது அவ்வளவுதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிற புத்தி. எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. நான் பிளஸ் டூ முடித்தபோது ஒரே ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டேன். நல்ல மதிப்பெண், கிடைத்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். கிடைக்கவில்லை. அதற்குள் மற்ற இடங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆலையில் உதவியாளாகச் சேர்ந்தேன். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. என் கூடப் படித்தவன் ஒருத்தன், என்னைவிட மதிப்பெண் குறைவு, மூன்று இடத்தில் போட்டு ஒன்றில் நுழைந்து இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். அவன் மேல் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் ‘கண்டிப்பாக் கிடைக்கிற மாதிரி ஒண்ணு’ என்று டீச்சர் சொன்னதும் அவன் நினைப்புத்தான் வந்தது.

அவளும் நானும் உட்கார்ந்து யோசித்தோம். முதலில் சென்னை. அடுத்து திருச்சியில் ஒன்று, மதுரையில் ஒன்று, இரண்டும் சுமாரான அணிகள். அதோடு போதும் என்றாள். கிடைக்காவிட்டால் காரைக்குடியிலேயே மதிப்பெண்ணுக்குக் கிடைக்கிற கல்லூரியில் சேர்ந்துகொள்கிறேன் என்றாள்.

“அங்க டீம் இல்லையே ஆத்தா.”

“இல்லாட்டி என்னப்பா, வெளிய ஆடிக்கிறேன்.”

எனக்கு மனசு கேட்கவில்லை. இடமும் உறுதியாக இருக்க வேண்டும், அவள் ஆடவும் வேண்டும். விசாரித்து விசாரித்து நாலாவதைக் கண்டுபிடித்தேன். சிவகங்கைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். தனியார் கல்லூரி. இரண்டு வருஷமாக அணியே இல்லாமல் இருந்து, அந்த வருஷம்தான் திரும்ப ஆரம்பிக்கிறார்கள். போனில் பேசிய விளையாட்டு ஆசிரியர், மாநில அளவில் ஆடிய பிள்ளை என்றதும், “கூட்டிட்டு வாங்க சார், சும்மா ஒரு தடவ பாத்துட்டு எழுதிக்கிறோம்” என்றார்.

“ஆளே இல்லாத டீம்ல நான் யாருக்குப்பா பந்து போட?” என்று கேட்டாள்.

“ஆள் இல்லாத எடத்துலதான் உன்னைய விட மாட்டாக” என்றேன். அந்தப் பதில் எனக்கே பிடித்திருந்தது. அன்றைக்கு அதை என் மனைவியிடமும் ஒரு தடவை சொன்னேன்.

மே மாதத்தில் தேதிகள் வந்தன. திங்கள் சென்னை, புதன் திருச்சி, வெள்ளி மதுரை. நாலாவது கல்லூரிக்காரர் சனிக்கிழமை வரச் சொன்னார். ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும், ஆலையில் லீவும் ஒரே தடவையாகப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை ரயிலில் சென்னைக்குப் போனோம். தாம்பரத்தில் என் மனைவியின் சித்தி மகள் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் மைதானத்தில் நின்றோம். நாற்பது ஐம்பது பெண்கள். உயரமான பிள்ளைகள், சொந்தக் கையுறை, சொந்த ஷூ, பெரிய பை. என் மகள் வேலிக்குப் பக்கத்தில் தனியாக நின்று கையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பெற்றோரை உள்ளே விடவில்லை. வேப்ப மரத்தடியில் நின்று கம்பி வழியாகப் பார்த்தேன்.

அன்றைக்கு அவள் வீசியதைப் போல நாலரை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. கேட்சராக உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் மூன்றாவது பந்தில் எழுந்து, கையுறையைக் கழற்றி உள்ளங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டாள். எனக்கு அந்த எரிச்சல் தெரியும். அங்கே பயிற்சி கொடுக்கும் அம்மா, ஐம்பது வயதிருக்கும், குறிப்பேட்டை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் இவளிடம் என்னவோ பேசினார். அவள் வெளியே வந்தபோது முகமெல்லாம் மண்.

“என்ன சொன்னாக?”

“யார் சொல்லிக் குடுத்தான்னு கேட்டாங்க. டீச்சர்னேன். வீட்டுல யார் பிடிப்பாங்கன்னு கேட்டாங்க. எங்கப்பான்னேன்.” தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள், “அடுத்த திங்கக்கிழமைக்குள்ள போன் பண்ணுவாங்களாம்.”

திருச்சியில் அவர்களுக்கு அந்த வருஷம் பிட்சர் தேவைப்படவில்லை. அதைப் பந்து வீசச் சொல்வதற்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். முப்பது பந்து வீசிய பிறகு சொன்னார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்பும் வழியில் புதுக்கோட்டை தாண்டும்வரை அவள் கையை மடக்கி நீட்டிக்கொண்டே வந்தாள். பிறகு, “கை கொஞ்சம் கனமா இருக்குப்பா” என்றாள்.

வியாழக்கிழமை மாலை களத்துக்குக் கூப்பிட்டேன். பத்துப் பந்து, சும்மா மெதுவாக, கை மறக்காமல் இருக்கட்டும் என்றேன். வந்தாள். முதல் பந்து வழக்கத்தைவிட ஒரு சாண் கீழே வந்தது. இரண்டாவதும் அப்படியே. ஆறாவது பந்தைத் தரையிலிருந்துதான் எடுத்தேன். வீசிய பிறகு ஒவ்வொரு தடவையும் முழங்கையை உடம்போடு சேர்த்து ஒட்டிக்கொண்டாள். ஆலையில் மோட்டார் சூடானால் மேலே கை வைத்துப் பார்த்தே நிறுத்திவிடுகிற ஆள் நான். அன்றைக்கு, “போதும் ஆத்தா, போய்த் தூங்கு” என்று மட்டும் சொன்னேன். மறுநாள் மதுரை இருந்தது.

மதுரையில் நன்றாகத்தான் வீசினாள் என்று சொன்னார்கள். “முதல் லிஸ்ட்ல கஷ்டம், ரெண்டாவது லிஸ்ட்ல பாப்போம்” என்றார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது எங்கள் கையில் உறுதியாக எதுவும் இல்லை. அவள் சாப்பிடாமல் பாயில் படுத்துவிட்டாள். என் மனைவி துண்டில் ஐஸ் கட்டியைச் சுற்றி அவள் முழங்கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“சென்னையிலருந்து திங்கக்கிழமை சொல்லுவாகள்ல. அதுக்கப்புறம் இதப் பாத்துக்கிடலாமே.”

“திங்கக்கிழமை இல்லைன்னுட்டா? அதுக்குள்ள இங்கயும் எடம் முடிஞ்சு போச்சுன்னா?”

“வேணாமேப்பா, கை வலிக்குது” என்று பாயிலிருந்து மகள் சொன்னாள். கண்ணைத் திறக்கவில்லை.

“இது ஒண்ணு மட்டும் ஆத்தா. அவரு சும்மா பாத்துட்டு எழுதிக்கிறேன்னுதான் சொல்லிருக்காரு. இது கையில இருந்தா நிம்மதியாத் தூங்கலாம்.”

அவளுடைய நிம்மதியைச் சொன்னேனா என் நிம்மதியைச் சொன்னேனா என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

ஏழு மணி இருக்கும், டீச்சர் போன் செய்தார். நான் வாசலுக்கு வந்து பேசினேன். மூன்று ஊரிலும் நடந்ததைச் சொன்னேன். எத்தனை பந்து என்று ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகக் கேட்டார்.

“நாளைக்கு வேணாம்ண்ணே. பிட்சர் கை, நாலு நாளாவது விடணும். அந்த சார எனக்குத் தெரியும். நான் பேசி அடுத்த வாரம் மாத்தித் தாரேன். எடம் எங்கயும் போயிராது.”

“சரிங்க டீச்சர்” என்றேன்.

உள்ளே வந்தேன். மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். “டீச்சரா? என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“போய்ட்டு வந்துருங்கன்னு சொன்னாக” என்றேன்.

இவ்வளவு சுலபமாக ஒரு பொய் வாயில் வரும் என்று எனக்குத் தெரியாது. டீச்சர் நல்லவர்தான், ஆனால் அந்த ஆசிரியர் மறந்துவிட்டால், வேறு யாராவது வந்துவிட்டால், கல்லூரி நிர்வாகம் மனசு மாறினால், என்று அந்த வாசலுக்கும் உள்ளே பாய்க்கும் இடைப்பட்ட பத்தடி தூரத்தில் எத்தனையோ நினைத்துவிட்டேன். டீச்சர் சொன்னார் என்றதும் அவள் மறுபேச்சுப் பேசவில்லை. காலையில் எனக்கு முன்னால் குளித்துவிட்டு ஷூ போட்டுக்கொண்டு நின்றாள்.

நாலாவது கல்லூரியின் மைதானத்தில் கருவேல முள் இருந்தது. பந்து பிடிக்க யாரும் இல்லை. விளையாட்டு ஆசிரியர் நல்ல மனிதர். வாசல்வரை வந்து எங்களைக் கூட்டிப்போய் மோர் கொடுத்தார். சும்மா பார்ப்பதாகச் சொன்னவர், மாநில அளவில் ஆடிய பிள்ளை என்று கேள்விப்பட்டு கல்லூரி முதல்வரும் வந்திருக்கிறார், கொஞ்சம் நன்றாகவே போட்டுக் காட்டட்டும் என்றார். முதல்வர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பிடிக்க ஆள் இல்லாததால் நானே கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பதினைந்து பந்து வரை சமாளித்தாள். வேகம் இல்லை, ஆனால் நேராக வந்தது. முதல்வருக்கு வேகம் பார்க்க ஆசை. “இன்னும் ஸ்பீடாப் போடுவாளாமே” என்றார். ஆசிரியர், “கடைசியா அஞ்சு பந்து, முழு வேகத்துல போடும்மா” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அறுபதடி தள்ளி உட்கார்ந்திருந்தேன், ஆனால் அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் கையுறையை உயர்த்திக் காட்டினேன். போடு என்று அர்த்தம்.

முதல் இரண்டும் வந்தன. மூன்றாவது பந்து என்னிடம் வரவே இல்லை. பாதி வழியில் பக்கவாட்டில் போய் முள்ளுக்குள் விழுந்தது. அவள் கத்தவில்லை. வலது முழங்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். நான் ஓடிப்போனபோது, “என்னமோ அறுந்த மாதிரி இருந்துச்சுப்பா” என்று மெதுவாகச் சொன்னாள். வியர்வையில் நனைந்திருந்தாள், ஆனால் கை சில்லென்று இருந்தது.

அந்த ஊரிலேயே முதலுதவி செய்து கட்டுப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் ஒன்றும் இல்லை என்றதும் எனக்கு உயிர் வந்தது. அந்த ஆசிரியர் சொல்லி விஷயம் தெரிந்து, அன்று மத்தியானம் டீச்சர் வீட்டுக்கு வந்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன். நான் திரும்பியபோது அவர் கிளம்பிப் போயிருந்தார்.

திங்கட்கிழமை மதுரையில் எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். முழங்கையின் உள்பக்கத் தசைநார் கிழிந்திருக்கிறது என்றார். கடந்த வாரத்தில் எத்தனை நாள் பந்து வீசினாய் என்று கேட்டார்.

“கொஞ்சந்தான் சார்” என்றாள் மகள்.

அவள் எனக்காகச் சொல்கிறாள் என்று புரிந்தது. “ஆறு நாள்ல நாலு எடத்துல சார்” என்றேன். “நடுவுல ஒரு நாள் வீட்டுலயும்.”

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேனாவை மூடிவிட்டு, “இது ஒரு பந்துல கிழியறதில்ல. அசந்து போன கை, ஓய்வு கொடுத்திருந்தா தாங்கியிருக்கும்” என்றார். ஓய்வும் உடற்பயிற்சியும் போதும், அன்றாட வேலைக்குக் கை சரியாகிவிடும். திரும்பவும் முழு வேகத்தில் வீச வேண்டுமென்றால் அறுவைசிகிச்சை செய்ய வேண்டும், அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், அப்போதும் பழைய வேகத்துக்குத் தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

அவள் யோசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: “பரீட்சை எழுத வலிக்காதுல்ல சார்?”

மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், திருப்பத்தூரைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில், என் போன் அடித்தது. சென்னை எண். மைதானத்தில் பயிற்சி கொடுத்த அந்த அம்மாதான் பேசினார். வாழ்த்துச் சொன்னார். பிட்சர் இடத்துக்கு இரண்டே பேரை எடுத்திருக்கிறோம், உங்கள் மகள் முதல் பெயர், வெள்ளிக்கிழமை சான்றிதழ்களோடு வந்து சேருங்கள் என்றார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர், “ஹலோ, சார், கேக்குதா” என்று இரண்டு தடவை கேட்டார். மகள் ஜன்னலோரம் இருந்தாள். என்னைப் பார்த்ததும் யார் என்று புரிந்துவிட்டது. இடது கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

“மேம், நான்தான் பேசுறேன். ரொம்ப நன்றி மேம். எனக்குக் கையில அடிபட்டுருச்சு. தசைநார் கிழிஞ்சிருக்காம்.” அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். “பிராக்டீஸ்ல மேம். நான்தான் கவனிக்காமப் போட்டுட்டேன்.” பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். “சரி மேம். புரியுது மேம். இல்ல மேம், பரவாயில்ல.” போனை என் மடியில் வைத்தாள். இந்த வருஷம் ஆட முடியாதவருக்கு ஒதுக்கீட்டு இடத்தைத் தர விதி இல்லை, மனசு கஷ்டமாக இருக்கிறது, கை சரியானதும் எப்போது வேண்டுமானாலும் வந்து பார் என்று சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காரைக்குடி வரும்வரை அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. சத்தம் இல்லை. பக்கத்து சீட்டில் இருந்த ஒரு பெண்மணி பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து என்னிடம் கொடுத்து, “பிள்ளைக்குக் குடுங்க” என்றார்.

நாலாவது கல்லூரிக்கு மறுநாள் நானே போன் செய்தேன். உடல்தகுதிச் சான்று இல்லாமல் விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுத முடியாது, முதல்வர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அந்த ஆசிரியர் மிகுந்த சங்கடத்தோடு சொன்னார். எனக்கு அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

அன்றைக்கு இரவுச் சோற்றைப் போட்டுக்கொண்டே என் மனைவி சொன்னாள்: “அவ வேணாம்னா. நான் வேணாம்னேன். நீங்க யாரு பேச்சையும் கேக்கல.” அதற்குமேல் இன்றுவரை அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. வேண்டாமென்று சொன்னவர்கள் இரண்டு பேர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஆள் சொன்னது என்னிடம் மட்டும் இருந்தது.

அறுவைசிகிச்சை வேண்டாம் என்று மகளே சொல்லிவிட்டாள். காரைக்குடியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தாள், மதிப்பெண்ணுக்குக் கிடைத்த இடம். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். நன்றாகப் படிக்கிறாள். என்னோடு முன்பு போலவே பேசுகிறாள், கடைக்குப் போகிறாள், என் கண்ணாடியைத் தேடிக் கொடுக்கிறாள். கையுறையையும் பந்துகளையும் அவளே ஒரு பையில் கட்டிப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். மாலை ஐந்து மணிக்கு மேல் எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போயிற்று. ஆலையிலேயே இருந்து தேவையில்லாத வேலைகளைச் செய்துவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வரத் தொடங்கினேன்.

இரண்டாவது வருஷம், ஐப்பசி மாதம். மழை. கல்லூரி விட்டு வருகிறவளைக் கூட்டிவர வண்டியில் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். இறங்கியதும் மழை வலுத்துவிட்டது. பக்கத்து டீக்கடையின் தகரத்துக்குக் கீழே நின்றோம். இரண்டு டீ சொன்னேன்.

“டீச்சரைப் பாத்தேன்ப்பா” என்றாள். “சனி ஞாயிறு வந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து போடச் சொல்லிக் குடுக்கிறியான்னு கேட்டாங்க.”

“போக வேண்டியதுதான ஆத்தா.”

“மாட்டேன்னுட்டேன். அதுக போடும்போது பாத்துக்கிட்டு நிக்க முடியாதுப்பா.”

அதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். டீயை ஊதிக்கொண்டே. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஒன்றரை வருஷமாக எத்தனையோ தடவை சொல்ல நினைத்ததை அந்தத் தகரத்துக்குக் கீழே, மழைச் சத்தத்துக்கு நடுவில் சொன்னேன். “அன்னைக்கு டீச்சர் போகச் சொல்லல ஆத்தா. வேணாம்னுதான் சொன்னாக. நான்தான் உன்ட்டப் பொய் சொன்னேன்.”

அவள் டீக்கிளாசைப் பெஞ்சில் வைத்தாள்.

“தெரியும்ப்பா. மறுநாள் வீட்டுக்கு வந்தாங்கள்ல, நீங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தீக. அம்மாவும் தண்ணி பிடிக்கப் போயிருந்தாங்க, அப்பச் சொன்னாங்க. நான்தான் போகாதன்னு சொன்னேனே, ஏன் போனன்னு அழுதாங்க.”

“ஏன் ஆத்தா இத்தன நாளா ஒரு வார்த்தை கேக்கல?”

“நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்.” டீக்கிளாசைத் திரும்ப எடுத்துக்கொண்டு, “அம்மாட்டச் சொல்லல. சொல்லவும் வேணாம்” என்றாள்.

மழை ரோட்டில் குமிழ் குமிழாக விழுந்துகொண்டிருந்தது. நெல் லாரி ஒன்று எங்களைக் கடந்து ஆலைப் பக்கம் போனது. என் மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. அவள் என்னைப் போலப் பொய் சொல்லவில்லை.

“இருக்குப்பா. எப்பவும் இல்ல. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீகன்னு தெரியும். ஆனா சில நாள் காலையில எந்திரிக்கும்போது சென்னையில இருந்திருப்பேனேன்னு தோணும். அப்ப உங்க குரல் கேட்டா எரிச்சலா வரும். பல்லு விளக்கிட்டு வர்றதுக்குள்ள போயிரும்.”

டீக்குக் காசு கொடுத்தேன். மன்னித்துவிடு என்று கேட்டால் அவள் சரி என்று சொல்ல வேண்டியிருக்கும். அதையும் அவள் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

மழை தூறலாகக் குறைந்ததும் வண்டியை எடுத்தேன். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து, மெதுவாகப் போங்க, ரோடெல்லாம் பள்ளமா இருக்கு என்றாள். மெதுவாகத்தான் போனேன். வீட்டில் என் மனைவி துண்டோடு வாசலில் நின்றிருந்தாள், இவ்வளவு நேரமா என்று கேட்டாள். மழைம்மா என்று சொல்லிவிட்டு மகள் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போனாள்.